இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷின் பழுது: பிளக்கிலிருந்து ஐ.ஜி.பி.டி. வரை வரிசையாகப் பார்ப்பது எப்படி

வீட்டிலும் சின்னப் பட்டறையிலும் வைத்திருக்கும் சிங்கிள் ஃபேஸ், 230 வோல்ட் இன்வெர்ட்டர் ஆர்க் வெல்டிங் மெஷினுக்கான வழிகாட்டி இது. தோளில் மாட்டித் தூக்கிப் போகிற அளவில் இருக்குமே, அந்த மெஷின். உங்களுடையது பழைய டிரான்ஸ்ஃபார்மர் மெஷின் என்றால் முதல் மூன்று பகுதிகளும் பத்தாவது பகுதியும்தான் பொருந்தும்.

சிங்கப்பூரில் சுங்கை காடுட் பக்கம் ஒரு பட்டறையில் பல வருடமாக இந்த மெஷின்களைத் திறந்து பார்த்து வருகிறேன். புதிதாகக் கற்றுக்கொள்ள வரும் தம்பிகள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். வெடித்த பாகம் கண்ணில் பட்டதும் அதை மாற்றிவிட்டு நேராகக் கரண்ட் கொடுத்துவிடுகிறார்கள். அதை வெடிக்க வைத்த கோளாறு உள்ளேயே இருப்பதால் புதுப் பாகமும் அதே நொடியில் போய்விடுகிறது. கீழே உள்ள வரிசையை மாற்றாமல் போனால் இந்த நஷ்டம் வராது.

## 1. மேசையில் முதலில் இருக்க வேண்டியவை

டையோடு மோடும் கெப்பாசிட்டர் அளக்கும் வசதியும் உள்ள ஒரு நல்ல மல்டிமீட்டர். அதன் புரோப் வயரில் வெடிப்போ கீறலோ இருக்கக் கூடாது. உள்ளே 325 வோல்ட் டி.சி. இருக்கிறது, கிழிந்த வயரைக் கையில் பிடித்துக்கொண்டு அதை அளக்க முடியாது.

2.2 கிலோ ஓம், 10 வாட் சிமெண்ட் ரெசிஸ்டர் ஒன்று. அதன் இரண்டு முனையிலும் நன்றாக இன்சுலேட் செய்த வயரும் புரோப்பும் சால்டர் செய்து வைத்துக்கொள்ளுங்கள். கெப்பாசிட்டரில் தேங்கிய கரண்டை இறக்க இதுதான் கருவி.

சீரியல் பல்பு பெட்டி ஒன்று. 100 வாட் இழை பல்பு அல்லது ஹாலோஜன் பல்பை லைவ் வயரில் தொடராக மாட்டி, மூடிய பெட்டிக்குள் ஒரு 13 ஆம்பியர் சாக்கெட்டுடன் செய்துகொள்வது. எர்த் வயர் பல்பு வழியாகப் போகாமல் நேராகப் போக வேண்டும். பிளக்கில் 3 ஆம்பியர் ஃபியூஸ் போடுங்கள். எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது. சூடானால் தடை ஏறுகிற இழைதான் கரண்டைக் கட்டுப்படுத்துகிறது, எல்.இ.டி.யில் அந்த இழை கிடையாது.

60 முதல் 80 வாட் வரையிலான சால்டரிங் அயர்ன், ஈயம் உறிஞ்சும் பம்ப், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், பழைய பல்துலக்கும் பிரஷ், ஹீட்சிங்க் (பாகங்களின் சூட்டை இழுக்கும் அலுமினியத் துண்டு) பேஸ்ட், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி. சின்ன 25 வாட் அயர்ன் இந்த போர்டுகளுக்குப் போதாது. தடித்த செம்புப் பரப்பு சூட்டை இழுத்துக்கொள்ளும். ஈயம் உருகும் முன்பே போர்டின் தடம் உரிந்து வந்துவிடும்.

பாகங்களுக்கு நான் போவது ஜாலான் புசார் சிம் லிம் டவருக்கு. ரோச்சோர் எம்.ஆர்.டி.யில் இறங்கினால் நடக்கிற தூரம். பழைய பாகத்தைக் கையோடு எடுத்துப் போங்கள். ஒரு எழுத்து மாறினாலும் வேறு பாகம் ஆகிவிடும்.

கடைசியாக, பக்கத்தில் இன்னொரு ஆள். மெயின் சுவிட்சு எங்கே என்று அவருக்குக் காட்டிவிடுங்கள். ஆம்புலன்ஸ் எண் 995 என்பதையும் சொல்லிவையுங்கள். ஆள் இல்லாத நேரத்தில் கரண்ட் கொடுத்துப் பார்க்கும் எந்தச் சோதனையையும் நான் செய்வதில்லை. இன்னொரு விஷயம்: இது உங்கள் சொந்த மெஷினுக்கான வேலை. கம்பெனி மெஷினை அனுமதி இல்லாமல் திறக்காதீர்கள்.

## 2. அறிகுறியை எழுதிக்கொள்ளுங்கள்

ஸ்க்ரூ டிரைவரை எடுக்கும் முன் ஒரு காகிதத்தில் நான்கு கேள்விக்குப் பதில் எழுதுங்கள். விளக்கு எரிகிறதா? ஃபேன் ஓடுகிறதா? சுவிட்சு போட்டதும் சில நொடியில் உள்ளே 'டிக்' என்று ரிலே சத்தம் கேட்கிறதா? மஞ்சள் எச்சரிக்கை விளக்கு எரிகிறதா? இந்த நான்கும் சேர்ந்தே பாதிக் கோளாறைச் சொல்லிவிடும்.

டி.பி. பெட்டியில் (பாதுகாப்புச் சுவிட்சுகள் எல்லாம் சேர்ந்திருக்கும் மின்பெட்டி) டிரிப் ஆகிறது என்றால் எது டிரிப் ஆகிறது என்று பாருங்கள். 'கரண்ட் போயிடுச்சு' என்று மட்டும் சொன்னால் போதாது. எம்.சி.பி. (அதிகக் கரண்ட் போனால் விழும் சுவிட்சு) விழுந்தால் ஷார்ட் அல்லது அதிக லோடு. பிரிட்ஜ் ரெக்டிஃபையரையும் (ஏ.சி.யை டி.சி. ஆக்கும் பாகம்) ஐ.ஜி.பி.டி.யையும் (அந்த டி.சி.யை வேகமாகத் திறந்து மூடும் பவர் டிரான்சிஸ்டர்) சந்தேகப்படலாம். ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிவைக் கண்டு விழும் சுவிட்சு) விழுந்தால் கரண்ட் எர்த்துக்குக் கசிகிறது. ஈரம், இரும்புத் தூசு, நசுங்கிய வயர், ஃபில்டர் கெப்பாசிட்டர் ஆகியவற்றின் பக்கம் போக வேண்டும். இரண்டும் வேறு வேறு பாதை.

சிங்கப்பூரில் வீடுகளுக்கு ஆர்.சி.சி.பி. 2023 ஜூலை முதல் கட்டாயம். 1985 ஜூலைக்கு முன் கட்டிய வீடுகளுக்கு 2025 ஜூலை வரை அவகாசம் தரப்பட்டது. வீட்டில் இருப்பது பொதுவாக 30 மில்லி ஆம்பியர் வகை. பாதி அளவான 15 மில்லி ஆம்பியருக்கு மேல் கசிந்தாலே அது விழக்கூடும். வீட்டில் உள்ள மற்ற சாதனங்களின் சின்னச் சின்னக் கசிவும் இதோடு சேரும் என்பதால், மற்றவற்றைக் கழற்றிவிட்டு ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

ஆர்.சி.சி.பி. அடிக்கடி விழுகிறது என்று பிளக்கில் எர்த் வயரை வெட்டிவிட்ட மெஷின்கள் என் மேசைக்கு வந்திருக்கின்றன. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கசிவு அப்படியேதான் இருக்கும். அது போக வழி இல்லாமல் மெஷினின் இரும்புப் பெட்டியில் காத்திருக்கும். வியர்த்த கையோடு முதலில் தொடுகிறவர் வழியாகத்தான் அது தரைக்கு இறங்கும்.

## 3. மூடியைத் திறக்காமல் முடித்துவிட வேண்டியவை

முதலில் பிளக்கைத் திறந்து பாருங்கள். உள்ளே இருக்கும் 13 ஆம்பியர் ஃபியூஸை வெளியே எடுத்து மீட்டரில் பார்க்க வேண்டும். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஃபியூஸ் பிடிக்கும் கிளிப் பழுப்பேறியிருந்தால், அல்லது பிளக்கின் பிளாஸ்டிக் லேசாக உருகியிருந்தால், ஃபியூஸை மட்டும் மாற்றிப் பயனில்லை. சேஃப்டி மார்க் உள்ள புதுப் பிளக்கே போடுங்கள்.

ஏன் உருகுகிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 80 ஆம்பியரில் வெல்டிங் செய்யும்போது ஆர்க்கில் சுமார் 23 வோல்ட் இருக்கும்; அதாவது 1,850 வாட். மெஷினில் வீணாவதையும் பவர் ஃபேக்டரையும் சேர்த்தால் சுவரிலிருந்து 13 ஆம்பியருக்கும் கொஞ்சம் கூடவே இழுக்கும். அப்படியானால் 140 ஆம்பியரில் வைத்தால் எவ்வளவு இழுக்கும்? 25 ஆம்பியரைத் தாண்டிவிடும். 13 ஆம்பியர் பிளக்கில் 2.6 மில்லிமீட்டர் ராடு வரைதான் நியாயமான வேலை. 3.2 ராடு ஓட்ட வேண்டும் என்றால் அதற்குத் தனி லைன் வேண்டும். அந்த லைனை இழுக்க எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கூப்பிடுங்கள். சுவருக்குள் இருக்கும் வயரிங் நம் வேலை இல்லை.

அப்புறம் எக்ஸ்டென்ஷன். சுருட்டி வைத்த ரீலை முழுவதும் விரித்துவிட்டுப் பாருங்கள். மெல்லிய வயரில் 30 மீட்டர் போனால் ஆர்க் அடிக்கும்போது வோல்டேஜ் இறங்கி, மெஷின் தானாகவே நின்றுவிடும். 'ஆர்க் பலமில்லை' என்று கொண்டுவரும் மெஷினை நான் முதலில் சுவர் சாக்கெட்டில் நேராகப் போட்டுப் பார்ப்பது இதனால்தான்.

வெல்டிங் கேபிளையும் விடாதீர்கள். எர்த் கிளாம்பின் ஸ்பிரிங், ஹோல்டருக்குள் இருக்கும் ஸ்க்ரூ, மெஷின் முகப்பில் திருகி மாட்டும் சாக்கெட் ஆகிய மூன்று இடத்திலும் கறுத்திருக்கிறதா என்று பாருங்கள். திருகி மாட்டும் பிளக் லேசாக ஆடினாலே அங்கே சூடாகி, உள்ளே செம்புப் பட்டை வரைக்கும் கருகும்.

இன்னொன்று: சில மெஷின்களில் வி.ஆர்.டி. என்ற பாதுகாப்பு இருக்கும். ராடு தொடாத நேரத்தில் வெளியீட்டு வோல்டேஜைக் குறைத்து வைக்கும். மீட்டரில் 60 முதல் 80 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 20-க்கும் கீழே காட்டினால் பழுது என்று முடிவு கட்டும் முன், முகப்பில் வி.ஆர்.டி. என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

## 4. திறப்பதும் கெப்பாசிட்டரை இறக்குவதும்

இந்த வேலையில் உயிருக்கு ஆபத்தான படி இது. நிதானமாகப் படியுங்கள்.

பிளக்கைக் கழற்றுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. கழற்றிய பிளக்கை உங்கள் கண்ணுக்குத் தெரியும்படி மேசை மேல் வையுங்கள். ஐந்து நிமிடம் காத்திருங்கள். பிறகு மூடியைக் கழற்றுங்கள்.

உள்ளே குவளை போல நிற்கும் பெரிய கெப்பாசிட்டர்கள் தெரியும். சாதாரணமாக 470 மைக்ரோ ஃபாரட், 450 வோல்ட் என்று இரண்டு மூன்று இருக்கும். 230 வோல்ட் ஏ.சி. நேராக்கப்பட்டால் உச்சத்தில் 325 வோல்ட் டி.சி. ஆகிறது. அப்படி மூன்று நிரம்பியிருந்தால் 70 ஜூலுக்கு மேல் சக்தி தேங்கியிருக்கிறது. இதயத்தை நிறுத்த அது போதும்.

ஒரு சம்பவம். மெஷின் டெட் என்று திறந்து வைத்திருந்த தம்பி ஒருவர், கெப்பாசிட்டரில் புரோப் வைத்து, "அண்ணே, ஜீரோதான் காட்டுது, கை வைக்கலாமா?" என்றார். எட்டிப் பார்த்தேன். மீட்டரின் திருகு ஏ.சி. வோல்ட்டில் நின்றது. டி.சி.க்குத் திருப்பிய உடனே 280-ஐத் தாண்டிய எண் வந்தது. அவர் முகம் வெளுத்துவிட்டது. எனக்கும் கை நடுங்கியது.

அதனால் மூன்று பழக்கம். மீட்டர் டி.சி.யில் இருக்கிறதா என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். அளப்பதற்கு முன்பும் பின்பும் ஒரு 9 வோல்ட் பேட்டரியை அளந்து, மீட்டரும் புரோப்பும் வேலை செய்கின்றன என்று உறுதி செய்யுங்கள். அளக்கும்போது ஒரு கையைப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள்; ஒரு கையிலிருந்து மறு கைக்கு நெஞ்சு வழியாகக் கரண்ட் பாயும் பாதை அப்போது இல்லை.

ஃபேனே ஓடாத மெஷினில்தான் ஆபத்து அதிகம் என்பதையும் மறக்காதீர்கள். நல்ல மெஷினில் ஃபேனும் கண்ட்ரோல் போர்டும் மீதிக் கரண்டை இழுத்துக் காலி செய்துவிடும். டெட் மெஷினில் அதை இழுக்க ஒன்றும் இல்லை; வடிகால் ரெசிஸ்டரும் போயிருந்தால் கரண்ட் அப்படியே நிற்கும்.

வோல்டேஜ் இருந்தால் 2.2 கிலோ ஓம் ரெசிஸ்டரை இரண்டு முனையிலும் வைத்து அரை நிமிடம் பிடியுங்கள். மறுபடி அளங்கள். 5 வோல்டுக்குக் கீழ் வந்த பிறகுதான் கை வைக்க வேண்டும். ஸ்க்ரூ டிரைவரால் ஷார்ட் செய்து இறக்குவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தத் தீப்பொறி போர்டின் தடத்தையும் கெப்பாசிட்டரின் உள் இணைப்பையும் கெடுக்கும். உருகிய செம்பு கண்ணில் தெறிக்கும்.

## 5. போட்டோ, பிரஷ், கண்

எந்த வயரையும் பிடுங்கும் முன் நாலா பக்கமும் போட்டோ எடுங்கள். ஒரே மாதிரியான மூன்று கால் பிளக்குகள் நாலைந்து இருக்கும். இடம் மாற்றி மாட்டினால் கண்ட்ரோல் ஐ.சி. போய்விடும்.

அப்புறம் தூசு. கிரைண்டர் போடும் இடத்துக்குப் பக்கத்திலேயே வெல்டிங் மெஷின் ஓடும். ஃபேன் அந்த இரும்புத் தூளை உள்ளே இழுத்துக்கொள்ளும். நம் ஊர் ஈரப்பதத்தில் அந்தத் தூள் போர்டில் ஒட்டி, துருப்பிடித்து, கரண்ட் கடத்தும் பூச்சாகவே மாறிவிடும். ஆர்.சி.சி.பி. காரணமே இல்லாமல் விழுவதாகச் சொல்லப்பட்ட பல மெஷின்கள் இந்தச் சுத்தம் ஒன்றிலேயே சரியாகியிருக்கின்றன. கரப்பான் பூச்சியும் பல்லியும் உள்ளே கிடப்பது சாதாரணம்.

முதலில் காய்ந்த பிரஷால் தட்டி உறிஞ்சி எடுங்கள். உடனே காற்றடித்தால் தூள் ஐ.சி. கால்களுக்கு இடையில் போய் இறுகிக்கொள்ளும். பிறகு ஆல்கஹாலில் பிரஷை நனைத்துத் துடைத்து, முழுவதும் காய விடுங்கள்.

சுத்தமான போர்டைப் பார்க்கும்போது உச்சி உப்பிய கெப்பாசிட்டர், வெடித்த ஐ.ஜி.பி.டி., கருகிய சின்ன ரெசிஸ்டர், பழுப்பேறிய ரிலே, கனத்த பாகங்களின் காலைச் சுற்றி வளையம் போல் விட்டுப்போன சால்டர் ஆகியவற்றைத் தேடுங்கள். போர்டே கரியாகி ஓட்டை விழுந்திருந்தால் நான் அங்கேயே நிறுத்திவிடுவேன். கரி கரண்ட் கடத்தும். சுரண்டி எடுத்தாலும் நம்ப முடியாது.

## 6. கரண்ட் இல்லாமல் மீட்டர் சோதனை

வெளியீட்டிலிருந்து உள்ளீட்டை நோக்கிப் பின்னால் போகிற வரிசையில்தான் நான் பார்ப்பேன். வெளியீட்டு டையோடு ஷார்ட் ஆகியிருந்தால் அதன் சுமை ஐ.ஜி.பி.டி. மேல் விழும். அதைப் பார்க்காமல் ஐ.ஜி.பி.டி. மாற்றினால் மறுபடி போகும்.

வெளியீட்டு டையோடு: கேபிள்களைக் கழற்றிவிட்டு மீட்டரை டையோடு மோடில் வையுங்கள். சிவப்பு புரோப் மைனஸ் சாக்கெட்டில், கறுப்பு பிளஸ் சாக்கெட்டில். 0.2 முதல் 0.5 வரை காட்ட வேண்டும். மாற்றி வைத்தால் அந்த எண் வரக் கூடாது. இரண்டு பக்கமும் பூஜ்யம் என்றால் ஷார்ட். எல்லா டையோடும் டிரான்ஸ்ஃபார்மர் சுற்று வழியாக ஒன்றோடு ஒன்று சேர்ந்திருப்பதால், ஒன்று போனாலும் எல்லாமே போனது போல் காட்டும். ஒவ்வொன்றாகக் கழற்றித்தான் எது என்று கண்டுபிடிக்க முடியும்.

ஐ.ஜி.பி.டி.: இதற்கு மூன்று கால். கலெக்டரும் எமிட்டரும் கரண்ட் போகும் கால்கள், கேட் திறந்து மூடச் சொல்லும் கால். கலெக்டருக்கும் எமிட்டருக்கும் இடையில் ஒரு பக்கம் மட்டும் 0.3 முதல் 0.6 வர வேண்டும். உள்ளே இருக்கும் டையோடு அது. இரண்டு பக்கமும் பூஜ்யம் வந்து மீட்டர் கத்தினால் ஷார்ட். பிறகு கேட்டுக்கும் எமிட்டருக்கும் இடையே ஓம் அளவில் பாருங்கள். போர்டில் இருக்கும்போது கீழிழுக்கும் ரெசிஸ்டரின் மதிப்பு தெரியும், உதாரணமாக 10 கிலோ ஓம். அந்த எண் என்ன என்பது முக்கியமில்லை. எல்லாக் கேட்டிலும் ஒரே எண் வருகிறதா என்பதே கேள்வி. மாறுபட்டு நிற்கும் ஒன்றில்தான் கோளாறு.

பிரிட்ஜ் ரெக்டிஃபையர்: சிவப்பை ஏ.சி. கால் ஒவ்வொன்றிலும் வைத்து, கறுப்பைப் பிளஸ் காலில் வையுங்கள். பிறகு சிவப்பை மைனஸில் வைத்து, கறுப்பை ஏ.சி. கால்களில். நான்கு அளவும் 0.45 முதல் 0.6 வரை ஒன்றுபோல் இருக்க வேண்டும்.

இங்கே புதியவர்களைக் குழப்பும் ஒன்று உண்டு. புரோப் வைத்ததும் எண் குறைவாகத் தொடங்கி மெல்ல ஏறிக்கொண்டே போகும். அது ஷார்ட் இல்லை. பெரிய கெப்பாசிட்டரை மீட்டரே நிரப்பிக்கொண்டிருக்கிறது. ஏறி நிற்கும் வரை காத்திருங்கள்.

சாஃப்ட் ஸ்டார்ட்: சுவிட்சுக்குப் பிறகு ஒரு சிமெண்ட் ரெசிஸ்டரோ பி.டி.சி.யோ (சூடானால் தடை ஏறும் ரெசிஸ்டர்) இருக்கும், பக்கத்தில் ரிலே. சுவிட்சு போட்டதும் கெப்பாசிட்டர் ஒரே மூச்சில் கரண்ட் இழுக்காமல் இது தடுக்கிறது. நிரம்பியதும் ரிலே 'டிக்' என்று மூடி, ரெசிஸ்டரைத் தாண்டிப் பாதை கொடுக்கிறது. ரெசிஸ்டர் ஓப்பன் ஆனால் மெஷின் முழு டெட். ரிலே மூடாவிட்டால் வேறு மாதிரி: விளக்கு எரியும், ஃபேன் ஓடும், வெளியீட்டிலும் வோல்டேஜ் சரியாக இருக்கும். ராடு உரசிய நொடியில் எல்லாம் அணைந்துவிடும். வெல்டிங்குக்காகச் சுவரிலிருந்து இழுக்கும் கரண்ட் முழுவதும் அந்தச் சின்ன ரெசிஸ்டர் வழியாகப் போகப் பார்ப்பதுதான் காரணம். ஐ.ஜி.பி.டி.யை மாற்றி மாற்றிப் பார்த்துச் சலித்துப்போன மெஷின்களில் இந்த ரிலேயை மாற்றியதும் வேலை முடிந்திருக்கிறது.

## 7. ஐ.ஜி.பி.டி. மாற்றுவது

ஒன்று ஷார்ட் ஆகும்போது 325 வோல்ட் அதன் கேட் வழியாகப் பின்னால் பாயும். கேட் ரெசிஸ்டர், கேட்டில் வோல்டேஜ் எகிறாமல் காக்கும் ஜீனர் டையோடு, டிரைவர் டிரான்சிஸ்டர் எல்லாம் அதோடு போயிருக்கலாம். கேட் ரெசிஸ்டர் சாதாரணமாக 10 முதல் 22 ஓம் வரை இருக்கும். ஒவ்வொன்றையும் அளந்து, நல்ல கேட்டோடு ஒப்பிடுங்கள். ஜீனர் இரண்டு பக்கமும் பூஜ்யம் காட்டினால் மாற்றுங்கள். இதைச் செய்யாமல் புது ஐ.ஜி.பி.டி. போட்டால் அதன் கேட் கட்டுப்பாடில்லாமல் மிதக்கும். கரண்ட் கொடுத்ததும் வெடிக்கும்.

ஒன்று போனாலும் அந்த வரிசையில் உள்ள எல்லாவற்றையும் மாற்றுங்கள். மற்றவையும் அதே அடியை வாங்கியவை. ஒரே கடையில், ஒரே அச்சு எண் உள்ளவற்றை வாங்குங்கள். 40 ஆம்பியர் இருந்த இடத்தில் 60 போட்டால் இன்னும் பலம் என்று நினைக்க வேண்டாம். பெரிய ஐ.ஜி.பி.டி.யின் கேட்டை நிரப்ப அதிகக் கரண்ட் வேண்டும்; டிரைவரால் வேகமாகத் திறந்து மூட முடியாமல் சூடேறிப் போகும்.

பழைய ஹீட்சிங்க் பேஸ்டை முழுவதும் துடைத்து, புதியதை மெல்லிய படலமாகத் தடவுங்கள். முதலில் ஹீட்சிங்கில் ஸ்க்ரூவை முறுக்கிவிட்டு, அதற்குப் பிறகு கால்களைச் சால்டர் செய்யுங்கள். முறை மாறினால் முறுக்கும்போது கால் இழுபட்டு, சால்டரில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும்.

கவனம்: பல மெஷின்களில் ஹீட்சிங்கே கலெக்டரோடு நேரடியாக ஒட்டியிருக்கும். கரண்ட் இருக்கும்போது அந்த அலுமினியத் துண்டில் 325 வோல்ட் இருக்கலாம். இரண்டு ஹீட்சிங்குகளுக்கு இடையில் பிளாஸ்டிக் வாஷரோ ஃபைபர் துண்டோ இருந்தால் அது தவறாமல் பழைய இடத்துக்கே போக வேண்டும். அதைத் தேவையில்லாத துண்டு என்று தூக்கிப் போட்டு, இரும்பு ஸ்க்ரூவால் இணைத்துவிட்டவரைப் பார்த்திருக்கிறேன்.

## 8. சீரியல் பல்பு வழியாக முதல் கரண்ட்

கண்ணாடி போடுங்கள். மெஷினின் மூடியை மேலே கவிழ்த்து வையுங்கள், ஐ.ஜி.பி.டி. வெடித்தால் சில்லு முகத்துக்கு வரும். பிளக்கைச் சீரியல் பெட்டியில் சொருகி, சற்று விலகி நின்று சுவிட்சு போடுங்கள்.

பல்பு ஒரு கணம் பளிச்சென்று எரிந்து, கெப்பாசிட்டர் நிரம்பியதும் மங்கினால் நல்ல செய்தி. முழு வெளிச்சத்தில் நின்றால் இன்னும் ஷார்ட் இருக்கிறது. அணைத்து, கெப்பாசிட்டரை இறக்கி, ஆறாம் பகுதிக்குத் திரும்புங்கள். மங்கி, பிரகாசித்து, மறுபடி மங்கி என்று துடித்தால் உள்ளே ஏதோ தொடங்க முயன்று நிற்கிறது. துணை சப்ளையையும் (ஃபேனுக்கும் கண்ட்ரோல் ஐ.சி.க்கும் கரண்ட் தரும் பகுதி) வெளியீட்டு டையோடுகளையும் மறுபடி பாருங்கள்.

பல்பு இருக்கும்போது வெல்டிங் செய்து பார்க்க வேண்டாம். அந்த லோடைப் பல்பு விடாது. அதைப் பார்த்து மெஷின் இன்னும் சரியாகவில்லை என்று ஏமாந்துபோவீர்கள்.

## 9. ஃபேன் ஓடுகிறது, ஆர்க் இல்லை

முதலில் மஞ்சள் விளக்கு. எரிந்தால் மெஷின் தன்னைப் பாதுகாத்துக்கொள்கிறது. ஹீட்சிங்கில் ஒட்டிய வெப்ப சுவிட்சைக் குளிர்ந்த நிலையில், கரண்ட் இல்லாமல், அளங்கள். பெரும்பாலும் மூடியிருக்கும் வகை, சூடானால் திறக்கும். அதன் வயர் அறுந்திருந்தாலும் மெஷினுக்குச் 'சூடு' என்றுதான் தெரியும்.

அப்புறம் துணை சப்ளை. ஃபேனுக்குப் போகும் இடத்தில் சுமார் 24 வோல்ட், கண்ட்ரோல் ஐ.சி.க்குப் போகும் இடத்தில் சுமார் 15 வோல்ட் வர வேண்டும். புரோப்பைக் கரண்ட் இல்லாதபோது கிளிப்பால் மாட்டிவிட்டு, பிறகு சுவிட்சு போட்டு, கை வைக்காமல் படியுங்கள்.

ஐ.சி. எஸ்.ஜி.3525 என்றால் 16-ஆம் காலில் 5.1 வோல்ட் இருக்க வேண்டும். 10-ஆம் கால் அணைக்கச் சொல்லும் கால், அது உயர்ந்திருந்தால் பாதுகாப்புச் சர்க்யூட்தான் நிறுத்தி வைத்திருக்கிறது. யு.சி.3846 என்றால் அதே 5.1 வோல்ட் 2-ஆம் காலில், அணைக்கும் கால் 16. ஐ.சி.யைக் குற்றம் சொல்லும் முன் இந்த இரண்டையும் பாருங்கள்.

ஆம்பியர் கூட்டிக் குறைக்கும் திருகு தேய்ந்திருந்தால் ஆர்க் ஒரு நேரம் வரும், ஒரு நேரம் வராது. கரண்ட் இல்லாமல் ஓம் அளவில் வைத்து மெல்லத் திருப்புங்கள். எண் குதித்தால் மாற்றிவிடுங்கள்.

சுவரில் சொருகும் ஆஸிலோஸ்கோப்பை (வோல்டேஜின் அலை வடிவத்தைக் காட்டும் கருவி) இந்தப் பக்கம் கொண்டுவராதீர்கள். அதன் கறுப்புக் கிளிப் எர்த்தோடு இணைந்தது. மெஷினின் முதன்மைப் பக்கம் மெயின் லைனோடு நேராகத் தொடர்புள்ளது. கிளிப்பை மாட்டிய உடனே ஷார்ட்.

## 10. மூடும் முன் எர்த்தும் இன்சுலேஷனும்

பழுது போய்விட்டது என்ற சந்தோஷத்தில் எல்லோரும் தாண்டிப் போகும் படி இது. தாண்டாதீர்கள்.

பிளக்கின் எர்த் காலிலிருந்து மெஷின் பெட்டியின் பெயிண்ட் இல்லாத இடம் வரை 0.3 ஓமுக்கு மேல் இருக்கக் கூடாது. பெயிண்ட் மேல் எர்த் ஸ்க்ரூ முறுக்கியிருந்தால் சுரண்டிவிட்டு, நட்சத்திர வாஷர் போட்டு முறுக்குங்கள்.

பிறகு 500 வோல்ட் மெகர், அதாவது இன்சுலேஷனின் தடையை அளக்கும் மீட்டர். பிளக்கின் லைவ், நியூட்ரல் இரண்டையும் ஒரு வயரால் சேர்த்துக் கட்டுங்கள். வெளியீட்டுப் பிளஸ், மைனஸ் இரண்டையும் அப்படியே. சேர்த்துக் கட்டினால்தான் 500 வோல்ட் உள்ளே இருக்கும் எலக்ட்ரானிக்ஸ் மேல் விழாது. எர்த்துக்குப் போகும் வேரிஸ்டர் (திடீரென எகிறும் வோல்டேஜை உறிஞ்சும் பாகம்) இருந்தால் தற்காலிகமாகக் கழற்றுங்கள். மெஷின் சுவிட்சு 'ஆன்' நிலையில் இருக்க வேண்டும்; அணைத்து வைத்தால் சுவிட்சு வரை மட்டும் அளந்துவிட்டு எல்லாம் நன்று என்று நம்பிவிடுவீர்கள்.

மெயின் பக்கத்துக்கும் வெல்டிங் பக்கத்துக்கும் இடையே குறைந்தது 5 மெகா ஓம். மெயினிலிருந்து எர்த்துக்கும், வெல்டிங் பக்கத்திலிருந்து எர்த்துக்கும் 2.5 மெகா ஓம். குறைந்தால் பெரும்பாலும் ஈரம்தான். ஹேர் டிரையரை இளஞ்சூட்டில் வைத்துக் காட்டி, மறுபடி அளந்து பாருங்கள். சரியானதும் கனெக்டர்களை டேப்பால் மூடிவிட்டு, போர்டுக்குப் பாதுகாப்பு வார்னிஷ் ஒரு மெல்லிய பூச்சு அடிக்கலாம். அடுத்த மழைக்காலத்தில் அதன் பலன் தெரியும்.

## 11. ராடு வைத்துப் பார்ப்பது

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுக்குள்ளோ, பொது நடைபாதையிலோ இந்தச் சோதனை வேண்டாம். பட்டறை, அல்லது தரைவீட்டுக் கார் நிறுத்தும் இடம். பக்கத்தில் எரியும் பொருள் எதுவும் இல்லாமல், தீயணைப்புக் கருவியோடு.

மூடியை முழுவதும் ஸ்க்ரூ போட்டு மூடிய பிறகே நேர் கரண்ட் கொடுங்கள். மூடி இல்லாமல் ஓட்டினால் ஃபேன் காற்று ஹீட்சிங்க் வழியாகப் போகாமல் பக்கவாட்டில் சிதறிவிடும். முதலில் வெளியீட்டில் டி.சி. வோல்டேஜ் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் 2.6 ராடு, 60 ஆம்பியர், ஒரு விரல் நீளம் மட்டும் ஓட்டுங்கள். நிறுத்தி, சத்தம், வாசனை, பிளக்கின் சூடு மூன்றையும் கவனியுங்கள். சரியாக இருந்தால் 80-க்கு ஏற்றி ஒரு முழு ராடு.

முடிந்ததும் உடனே சுவிட்சை அணைக்காதீர்கள். ஃபேன் சில நிமிடம் ஓடி உள்சூட்டை வெளியேற்றட்டும். பிறகு பிளக்கைக் கழற்றிவிட்டு, முகப்புச் சாக்கெட் இரண்டையும் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் அதிகச் சூடாக இருந்தால் அதன் பின்பக்கத்து நட் இன்னும் தளர்வாக இருக்கிறது. மறுபடி திறந்தால் கெப்பாசிட்டரை மறுபடி அளக்க வேண்டும்.

எல்லாம் சரியாக இருந்தால் ஒரு டேப்பில் தேதி, மாற்றிய பாகங்களின் எண், மெகர் அளவு ஆகியவற்றை எழுதி மூடியின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். அடுத்த முறை திறக்கும்போது எங்கே தொடங்குவது என்று அது சொல்லும்.